கடாரம் கொண்டோம் சரி, குறிப்பு எங்கே?

சதய விழா வந்தாலே நம்ம பசங்க வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எல்லாம் கப்பல்தான். புலிக்கொடி பறக்கும், பாய்மரம் புடைக்கும், பின்னணியில் ஒரு மாஸ் பிஜிஎம், கீழே ஒரு வரி: "கொலம்பஸுக்கு முன்னாடியே கடலை ஆண்டவன் தமிழன்!" ஹாஸ்டலில் ஒருத்தன் காலையில் போட்டால் ராத்திரிக்குள் மொத்த ப்ளாக்கும் போட்டுவிடும். தஞ்சாவூரில் நாலு வருஷம் படிச்சுட்டு அந்தப் பெருமைகூட இல்லைன்னா எப்படி?

எனக்கு அந்த ஸ்டேட்டஸில் ஒரே ஒரு குறை. "யார் முதலில் போனது?" என்ற கேள்வியோடு அது நின்றுவிடுகிறது. கடலையும் கண்டங்களையும் மனிதன் தேடிப்போன வரலாற்றில் முதலில் போனவன் பெரும்பாலும் பேர் தெரியாத ஒரு மீனவன், இல்லாவிட்டால் ஒரு வியாபாரி. கேட்க வேண்டிய கேள்வி வேற. போனவன் எதைக் குறித்து வைத்தான்? அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு, அவன் முகத்தைக்கூடப் பார்க்காத இன்னொருத்தன் அதே வழியில் போக முடிந்ததா? அப்சர்வேஷன் நோட் எழுதாமல் ரீடிங் எடுத்தேன் என்று லேபில் சொன்னால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். வரலாற்றிலும் கிட்டத்தட்ட அதேதான் நடக்கிறது.

இதைத் தெரிந்துகொள்ள லிஸ்பனுக்கோ லண்டனுக்கோ போக வேண்டாம். பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் பெரிய கோவில் ஒரு பக்கம், அரண்மனை ஒரு பக்கம். அரை மணி நேர நடைக்குள் மூணு சாட்சி இருக்கு. அதில் ஒன்றை மட்டும்தான் நாம் கொண்டாடுகிறோம்.

முதல் சாட்சி எல்லாருக்கும் தெரிந்தது. 1025-ல் ராஜேந்திர சோழன் படை வங்கக்கடலைத் தாண்டிப் போய் ஸ்ரீவிஜயப் பேரரசின் துறைமுகங்களைத் தாக்கியது. சில வருஷம் கழித்துப் பெரிய கோவிலில் வெட்டிய ஒரு கல்வெட்டில் அந்த ஊர்ப் பட்டியல் அப்படியே இருக்கு: ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், மாப்பப்பாளம், மேவிளிம்பங்கம், வளைப்பந்தூறு, தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மானக்கவாரம், கடாரம். மொத்தம் 13 பேர். ஒருமுறை வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க, சும்மா ரயில் ஓடுற மாதிரி இருக்கும். கடாரம் இன்றைய மலேசியாவின் கெடா. மானக்கவாரம் நிக்கோபார். ஸ்ரீவிஜயம் சுமத்ராவின் பாலெம்பாங். இலாமுரிதேசம் அதே தீவின் வடமுனையில், ஆச்சே பக்கம். தலைத்தக்கோலம் தாய்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் தகுவாபா என்று பெரும்பாலானோர் சொல்கிறார்கள். இரண்டு மூன்று ஊர்கள் எங்கே என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஏன் அடித்துக்கொள்கிறார்கள்? பட்டியலில் பேர் மட்டும்தான் இருக்கு. எத்தனை கப்பல்? நிறைய. எந்தத் துறைமுகத்திலிருந்து கிளம்பினார்கள்? எந்த மாசம்? எத்தனை நாள் ஆச்சு? எந்த ஊருக்கு அடுத்து எந்த ஊர், எந்தத் திசையில்? வழி காட்டிய மாலுமி யார்? எதுவும் இல்லை. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் அட்டையும் வாழ்த்துரையும் மட்டும் பைண்ட் பண்ணிக் கொடுத்த மாதிரி. சொல்லப்போனால் அது உண்மையிலேயே வாழ்த்துரைதான். மெய்க்கீர்த்தி என்பது கல்வெட்டின் முன்பகுதியில் ராஜாவின் வெற்றிகளை அடுக்குவது. அந்தக் கல்வெட்டின் அசல் வேலை வேற. கோவிலின் சைவ ஆசாரியருக்கும் அவர் சீடர்களுக்கும் வருஷா வருஷம் நெல் கொடுக்க வேண்டும் என்ற உத்தரவு அது. கடல் கடந்த படையெடுப்பு ஒரு நெல் மானியத்துக்கு முன்னுரையாக வந்திருக்கு. டெல்டாக்காரன் கல்வெட்டுன்னா இப்படித்தானே இருக்கும்!

"ஓலையில் எழுதியிருப்பாங்க, கரையான் அரிச்சிருக்கும்" என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் கல்லில் எதையெல்லாம் எழுதத் தோன்றியது என்று பாருங்கள். அதே பெரிய கோவிலுக்கு ராஜராஜன் கொண்டுவந்து குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்கள் 400 பேர். அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், பேர் என்ன, கோவிலைச் சுற்றி எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்றுகூடக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். நிலத்தை அளந்த கணக்கு அதைவிட ஆச்சரியம். ஒரு வேலி நிலத்தை முந்திரி, கீழ்முந்திரி என்று பின்னத்துக்குள் பின்னமாக உடைத்துக்கொண்டே போய், 52,428,800,000-ல் ஒரு பங்கு வரை அந்தக் கால அளவைக் கணக்கு இறங்குகிறது. மணல் துகள் அளவு நிலத்துக்கும் கணக்கு இருக்கு. ஆனால் கடாரத்துக்கு வழி சொன்னவன் பேர் இல்லை.

காரணம் ரொம்ப சிக்கலானது இல்லை என்று நினைக்கிறேன். நிலம் வரி கொடுக்கும். எதிலிருந்து வருமானம் வருமோ அதை அரசு துல்லியமாக எழுதி வைக்கும். துறைமுகத்தில் சுங்கம் உண்டு, நடுக்கடலில் ஏது? காற்று எப்போது திரும்பும், எந்த நட்சத்திரத்தைப் பிடித்துப் போக வேண்டும் என்பதெல்லாம் மாலுமியின் மண்டைக்குள்ளேயே இருந்தது. அப்பா மகனுக்குச் சொன்னார், மகன் பேரனுக்குச் சொன்னான். ஏதோ ஒரு தலைமுறையில் அது நின்றுபோச்சு.

இன்னொன்று. ராஜேந்திரன் போன வழி புதுசு கிடையாது. அதை அவனே சொல்லியிருக்க மாட்டான். படையெடுப்புக்கு ஏறத்தாழ 20 வருஷம் முன்னாடியே ஸ்ரீவிஜய அரசர் பேரில் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற புத்த விகாரம் எழும்பியது. ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தார். அந்தச் செப்பேடுகள் பிற்பாடு நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்து 'லைடன் செப்பேடுகள்' என்றே பேர் வாங்கின. கடாரத்துக்காரன் நம்ம நாகையில் வந்து விகாரம் கட்டுகிறான் என்றால் போக்குவரத்து எந்த அளவுக்கு நடந்திருக்கும்? 1015-ல் சோழர் தூதுக்குழு சீனாவின் சோங் அரசவைக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தக் கப்பலும் மலாக்கா ஜலசந்திப் பக்கம்தானே போயிருக்கணும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அதற்கும் முந்தைய கதை. தகுவாபாவில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. 9-ம் நூற்றாண்டு. உடைந்துபோன சின்னக் கல். அதில் இருக்கும் சேதி: நாங்கூருடையான் ஒருத்தர் ஒரு குளம் தோண்டினார், அதற்கு அவனிநாரணம் என்று பேர், அது மணிக்கிராமத்தார் என்ற வணிகர் குழுவின் பாதுகாப்பில் இருக்கும். நாங்கூர் எங்கே இருக்கு? நம்ம சீர்காழி பக்கம். கடல் தாண்டிப் போய், வேற மொழி பேசும் ஊரில் இறங்கி, நம்ம ஆள் செய்த காரியம் குளம் வெட்டினது! டெல்டாக்காரன் எங்கே போனாலும் முதலில் தண்ணிக்குத்தான் வழி பண்ணுவான். இந்தக் கல்வெட்டுக்கு ஒரு ஸ்டேட்டஸ்கூட நான் பார்த்ததில்லை. வாளும் இல்லை, புலியும் இல்லை, அதனாலோ என்னவோ.

ஆக, வியாபாரிகள் போட்ட ரோட்டில்தான் ராஜா படை நடத்தினார். இது சோழருக்கு மட்டும் நேர்ந்த விஷயம் கிடையாது. 1498-ல் வாஸ்கோட காமா ஆப்பிரிக்காவின் மலிந்தியில் கடல் வழி தெரிந்த ஒரு மாலுமியை ஏற்றிக்கொண்டார். அதன்பிறகு ஒரு மாசத்துக்குள் கோழிக்கோடு வந்துவிட்டார். அந்த மாலுமிக்கு அது பழகின வழி. ஆனால் பாடப்புத்தகத்தில் இந்தியாவுக்குக் கடல்வழி 'கண்டுபிடித்தவர்' காமா. ஏன்? அந்தப் பயணத்தில் கூட வந்த ஒருத்தர் நாட்குறிப்பு எழுதினார், அது பிழைத்தது. வழி எழுத்துக்கு வந்தது, 1500-லேயே கப்ரால் தலைமையில் 13 கப்பல்கள் கிளம்பிவிட்டன. அதற்குப் பிறகு அவர்கள் இந்தக் கரையில் செய்த அட்டூழியங்கள் தனிக்கதை. அவர்களைப் பாராட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. எழுதி வைத்தவன் பேரில்தான் வழி பட்டா ஆகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

குறிப்பு இல்லாத இடத்தில் என்ன முளைக்கும் என்பதற்கு நியூசிலாந்து மணி நல்ல உதாரணம். 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி, அங்கே மாவோரி மக்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேக வைப்பதைப் பார்த்தார். பார்த்தால் அது உடைந்த கப்பல் மணி. 13 சென்டிமீட்டர் உயரம். அதில் தமிழ் எழுத்து. மொகைதீன் பக்ஷ் என்பவரின் கப்பல் மணி என்று பொறித்திருக்கு. இன்றைக்கு வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கு. உடனே "நியூசிலாந்தைக் கண்டுபிடித்தது தமிழர்" என்று ஒரு ஃபார்வர்ட். மணி போயிருக்கு, சரி. கப்பல் போச்சா, மணி மட்டும் வேற கப்பலில் போச்சா, ஆள் உயிரோடு இறங்கினாரா? மணிக்கு வாய் இருந்தும் அதைச் சொல்லாது.

இப்போ இரண்டாவது சாட்சி. இதுதான் நம்ம கட்டுரைக்கே உயிர். சிவில் டிபார்ட்மென்ட் நண்பர்கள் காலரைத் தூக்கிவிட்டுக் கொள்ளலாம்.

1808. அதே பெரிய கோவில். பிரிட்டிஷ் ராணுவத்தைச் சேர்ந்த வில்லியம் லாம்டன் கிட்டத்தட்ட அரை டன் எடையுள்ள ஒரு தியோடலைட்டைக் கோபுரத்தின் மேலே ஏற்றுகிறார். லேபில் நாம் ஸ்டாண்டில் மாட்டுவோமே, அந்த சைஸ் என்று நினைக்காதீங்க. அதன் கிடைவட்டம் மட்டும் 36 அங்குலம். லண்டனில் வில்லியம் கேரி செய்தது. கப்பலில் வரும்போதே பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸ் கொண்டுபோய், பிறகு விஞ்ஞானக் கருவி என்று தெரிந்து மரியாதையாகச் சென்னைக்கு அனுப்பி வைத்தார்கள். எதிரி நாட்டுக்காரன்கூட மதித்து அனுப்பிய சாமான்.

அதை எதுக்குக் கோபுரத்தில் ஏற்றணும்? இங்கேதான் டெல்டா வருது. லாம்டன் 1802 ஏப்ரல் 10-ம் தேதி பரங்கிமலைப் பக்கம் ஒரு அடிக்கோட்டை அளக்க ஆரம்பித்தார். ஏழரை மைல் நீளம். நூறு அடி இரும்புச் சங்கிலியைத் திரும்பத் திரும்பப் போட்டு, வெயிலில் இரும்பு நீளுமே, அதற்குத் தெர்மாமீட்டர் வைத்துத் திருத்தம் போட்டு, 57 நாள் அளந்தார். அதற்குப் பிறகு சங்கிலியை நம்பி ஊர் ஊராக இழுக்க வேண்டியதில்லை. ஒரு பக்கமும் இரண்டு கோணமும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்ற பக்கங்கள் சைன் விதியில் வந்து விழும். அந்தப் பக்கம் அடுத்த முக்கோணத்துக்கு அடி. இப்படி முக்கோணத்தை ஒட்டி முக்கோணம், ஒட்டி முக்கோணம் என்று நாட்டையே மூடலாம். ஒரே நிபந்தனை: ஒரு முனையிலிருந்து அடுத்த முனை கண்ணுக்குத் தெரியணும். சேலம், தர்மபுரி பக்கம் குன்று இருக்கு. இங்கே? தட்டையான வயல், அதற்கு வேலி போட்ட மாதிரி தென்னை, பனை, மூங்கில். தரையில் நின்றால் அடுத்த ஊர் தெரியாது. டெல்டாவில் உயரம் என்றால் கோவில் கோபுரம்தான். 216 அடி உயரத்தில் பெரிய கோவில் விமானம் நிற்கும்போது சர்வேக்காரன் வேற எங்கே பார்ப்பான்?

கயிறும் கப்பியும் போட்டு ஏற்றினார்கள். சுவரில் இடிக்காமல் இழுத்துப் பிடித்திருந்த கயிறு அறுந்தது. அரை டன் கருவி ஊசலாடி வந்து சுவரில் மோதியது. வட்டம் நெளிந்துவிட்டது. வட்டம் வட்டமாக இல்லாத தியோடலைட் எதுக்கு ஆகும்?

லாம்டன் செய்ததை மெக்கானிக்கல்காரர்கள் கவனிக்கணும். கருவியோடு ஒரு கூடாரத்துக்குள் போனார். தலைமைக் கைவினைஞர்களைத் தவிர யாருக்கும் உள்ளே அனுமதி இல்லை. கருவியை முழுசாகப் பிரித்தார். தட்டையான பெரிய பலகையில், வட்டம் எந்த அளவு இருக்க வேண்டுமோ அதே அளவுக்கு ஒரு வட்டம் வெட்டினார். நம்ம பாஷையில் ஒரு ஜிக். நெளிந்த வளையத்தை அதில் வைத்து ஆப்பு, திருகு, கப்பி எல்லாம் கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து இழுத்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். ஆறு வாரம். முழுசாகப் பழையபடி வரவில்லை, கிட்டத்தட்ட வந்தது. அந்தக் கருவியை வைத்தே வேலை தொடர்ந்தது. அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் இந்தக் கதையை எழுதி வைத்ததால்தான் இன்றைக்கு நாம் பேசுகிறோம். விபத்து நடந்ததைக்கூட மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள், அதைத்தான் நான் சொல்ல வருகிறேன்.

அந்த அளவைகளிலிருந்து என்ன தெரிந்தது? சென்னையிலிருந்து மங்களூர் 400 மைல் என்று பழைய வரைபடம் சொன்னது. லாம்டன் கணக்கில் 360 மைல்தான். நாற்பது மைல் நிலம் காகிதத்தில் மட்டும் இருந்திருக்கு! 1802-ல் தொடங்கிய அந்த முக்கோணங்கள் இமயமலை வரை போயின. 'சிகரம் 15' என்று குறிக்கப்பட்ட மலையின் உயரம் 29,002 அடி என்று 1856-ல் அறிவித்தார்கள். 1865-ல் அதற்கு எவரெஸ்ட் என்று பேர் வைத்தார்கள். அந்த உயரத்துக்குப் போன கணக்கின் ஒரு முனை சென்னையில், அந்தக் கணக்குக்குத் தந்த கருவியின் ஒரு தழும்பு தஞ்சாவூரில். நம்ம ஊர் கைடு அண்ணன்கள் கோபுர நிழலைப் பற்றி ஆயிரம் தடவை சொல்கிறார்கள். இதை ஒரு தடவை சொல்லக் கூடாதா?

வெள்ளைக்காரன் புராணம் பாடுகிறான் என்று யாரும் கமெண்ட் போட வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். அந்த சர்வே கம்பெனியின் தேவைக்காக நடந்தது. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, அதே வருஷம் தஞ்சாவூரும் கம்பெனி கைக்குப் போனது. பிடித்த நாட்டில் வரி வசூலிக்கவும் படை நடத்தவும் வரைபடம் வேணும். ராஜராஜன் நிலம் அளந்த அதே காரணம்தான், ஆள்தான் வேற. லாம்டனுக்குப் பூமியின் வடிவத்தைக் கணக்கிட ஆசை, கம்பெனிக்கு வருமானத்தில் ஆசை. இரண்டும் ஒரே மாட்டுவண்டியில் போச்சு. சங்கிலி இழுத்தவர்கள், கொடி பிடித்தவர்கள், காட்டுக் காய்ச்சலில் செத்தவர்கள் நம்ம ஆட்கள். அவர்கள் பேர் பெரும்பாலும் எங்கேயும் இல்லை. அந்த வகையில் கம்பெனிக் கணக்கும் மெய்க்கீர்த்தி மாதிரிதான். தப்பிப் பிழைத்த பேர்களில் ஒன்று சையத் மிர் மொஹ்சின் ஹுசைன். ஆற்காட்டுக்காரர். பிற்காலத்தில் இந்த சர்வேயின் கருவிகளைப் பழுதுபார்த்தவர், 1840-களில் அதன் கருவித் தயாரிப்பாளர் பதவிக்கே வந்தவர். கருவி செய்யும் படிப்பு எந்தக் காலேஜிலும் அவருக்குக் கிடைத்திருக்க வாய்ப்பில்லை. நம்ம மாநிலத்தில் இத்தனை இன்ஜினியரிங் காலேஜ் இருக்கு, அவர் பேரில் ஒரு லேப் இருந்தால் நன்றாக இருக்கும்.

மூன்றாவது சாட்சி அரண்மனையில். லாம்டன் கோபுரத்தில் கயிறு கட்டிய நேரத்தில் கோட்டைக்குள் இருந்த ராஜா இரண்டாம் சரபோஜி. 1798 முதல் 1832 வரை பட்டத்தில் இருந்தாலும் நாட்டின் நிர்வாகம் அவர் கையில் இல்லை. சரஸ்வதி மகால் நூலகத்துக்கு உலகத்துப் புத்தகங்களையும் வரைபடங்களையும் வாங்கிக் குவித்தார். அவர் செய்த ஒரு வேலை எனக்கு ரொம்ப ஆச்சரியம். 'தேவேந்திர குறவஞ்சி' என்று மராத்தியில் ஒரு நாட்டிய நாடகம். குறவஞ்சி என்றால் குறத்தி வந்து தன் மலைவளம், தான் சுற்றிய நாடுகள் எல்லாவற்றையும் பாடிவிட்டுக் குறி சொல்வாள். சரபோஜி அந்த இடத்தில் உலக பூகோளத்தையே வைத்துவிட்டார். கண்டங்கள், நாடுகள், ஊர்கள் என்று குறத்தி பாடிக்கொண்டே போகிறாள். ஐரோப்பியர்கள் முந்நூறு வருஷம் கப்பலில் சுற்றிச் சேர்த்த அறிவை நம்ம ஊர் மேடையில் சலங்கை கட்டி ஆடவிட்ட மனுஷன்.

ராஜ்ஜியம் போன ராஜா உலக வரைபடத்தைப் பாட்டாக்குகிறார், வெளியே ஒரு அதிகாரி அவருடைய பழைய ராஜ்ஜியத்தை முக்கோணம் முக்கோணமாக அளக்கிறார். ஒரே காலம், ஒரே ஊர். யாராவது குறும்படம் எடுங்கப்பா.

மூன்றையும் பக்கத்தில் வைத்தால் எனக்குத் தோன்றுவது இது. ராஜேந்திரன் காலத்து மாலுமிகளிடம் அறிவு இருந்தது, குறிப்பு இல்லை. லாம்டனிடம் குறிப்பு இருந்தது, ஆனால் அது நமக்காக எழுதினது இல்லை. சரபோஜி நமக்காக எழுதினார், ஆனால் அது அரண்மனை மொழியில், அரண்மனைக்குள் நின்றுவிட்டது. மூணில் எதை நாம் தொடர வேண்டும் என்று கேட்டால் மூன்றாவதைத்தான் சொல்வேன், அரண்மனை வாசலைத் தாண்டி.

தொடர்வதற்கு விஷயம் இன்னும் மிச்சம் இருக்கு. நாகப்பட்டினம் இங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பக்கம் அறுபது எழுபது வயசு மீனவர்களிடம் கடலுக்கு ஒரு தனி அகராதியே இருக்கு. காற்றுக்கு வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று திசைக்கு ஒரு பேர். நீரோட்டத்துக்கு நீவாடு என்று பேர். வடக்கேயிருந்து இழுத்தால் வாநீவாடு, தெற்கேயிருந்து இழுத்தால் சோநீவாடு. கடலடிப் பாறைத்திட்டுக்குப் பார். ஜிபிஎஸ் வருவதற்கு முன்னாடி மீன் கிடைத்த இடத்துக்கு மறுநாள் எப்படித் திரும்பப் போனார்கள்? கரையில் இரண்டு அடையாளத்தை எடுத்துக்கொள்வார்கள். முன்னால் ஒரு பனை, பின்னால் ஒரு கோபுரமோ மினாராவோ. இரண்டும் ஒரே நேர்கோட்டில் வரும்படி படகை நிறுத்துவார்கள். இன்னொரு பக்கம் இன்னொரு ஜோடி. இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் வலை. நம்ம சர்வே புத்தகத்தில் வருவதன் கடல் எடிஷன். லாம்டன் கோபுரத்தில் ஏறிப் பார்த்தார், இவர்கள் கடலில் இருந்தபடி கோபுரத்தைப் பார்த்தார்கள். கணக்கு ஒண்ணுதான்.

இது எந்த மெய்க்கீர்த்தியிலும் வராது. எந்த வரித்துறையும் இதை எழுதி வைக்காது. அவர்கள் பேரன்களில் பாதிப்பேர் நம்ம மாதிரி காலேஜில் ஐடி கனவோடு உட்கார்ந்திருக்கிறார்கள், படகில் இருப்பவர்கள் திரையைப் பார்த்து ஓட்டுகிறார்கள். இரண்டையும் நான் குறை சொல்லவில்லை. நடுக்கடலில் எல்லைக்கோடு எங்கே என்று தெரிவது உயிர்ப் பிரச்சினை, அதற்கு ஜிபிஎஸ் வேணும். ஆனால் வாநீவாடு என்ற வார்த்தை தெரிந்த கடைசி ஆள் போய்விட்டால், இன்னும் 200 வருஷம் கழித்து நம்ம ஊர் பசங்க மாப்பப்பாளம் எங்கே என்று அடித்துக்கொள்வதைப் போல அந்த வார்த்தைக்கும் அடித்துக்கொள்வார்கள்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு ஒவ்வொரு வருஷமும் நாலு டீமாவது 'ஸ்மார்ட் இரிகேஷன்' என்று ஈரப்பத சென்சாரைத் தொட்டியில் குத்தி போட்டோ எடுக்கிறது. அதில் ஒரு டீம் இதை எடுத்தால் என்ன? செலவே இல்லை. ஒரு போன், ஒரு எக்ஸெல் ஷீட். காற்றின் பேர், எந்த மாசம், எந்தத் திசை, அப்போது கடல் எப்படி இருக்கும், என்ன மீன் வரும், எந்த இரண்டு அடையாளத்தைப் பார்ப்பார்கள், அந்தக் கோடு வெட்டும் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை என்ன. ஒரு நிபந்தனை: சொன்னவரின் பேரை, அவர் சம்மதித்தால், முதல் காலத்தில் போடணும். மீன் கிடைக்கும் இடத்தை வெளியில் விடாதேப்பா என்று சொன்னால் விடக்கூடாது, அது அவர்கள் சொத்து. முடிந்ததும் ஒரு பிரின்ட் அந்தக் குப்பத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகணும், தமிழில்.

கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும், ஆட்கள் வலை பின்னிக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். நம்ம செமஸ்டர் லீவும் கிட்டத்தட்ட அப்போதான் வருது.